மகளின் நீச்சலும் ஸ்காலர்ஷிப் பேச்சும்: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. எட்டு வயதிலிருந்து கிளப்பில் நீந்துகிறாள். விடிகாலை ஐந்து மணிக்கே தண்ணீரில் இறங்கிவிடுவாள். போன வாரம் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "வலிக்குதுன்னு கோச்கிட்ட சொல்லிடாதேம்மா, ஸ்காலர்ஷிப் போயிடும்" என்றாள். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

அந்த வார்த்தையை அவள் மனதில் விதைத்தது நாங்கள்தான். காரில், சாப்பாட்டு மேசையில், எப்போதும் அதே பேச்சு. ஆனால் பள்ளி விளையாட்டு வீரர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கிறது என்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பே சொல்கிறது. அந்த அமைப்பின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகளிலும், ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகிலும் அது கிடையவே கிடையாது. மற்ற இடங்களிலும் நீச்சலுக்கு முழுத்தொகை அபூர்வம். பலருக்கும் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள்.

கணவரோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது தளர்த்தக் கூடாது என்கிறார். அவர் கவலையும் எனக்குப் புரிகிறது.

தோள் வலிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் திரும்ப நீந்த விட்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது? அப்புறம், வீட்டில் இந்த ஸ்காலர்ஷிப் பேச்சை எப்படி நிறுத்தினீர்கள்? அவளுக்கு நீச்சல் உயிர். அது அவளை விட்டுப் போகக் கூடாது.