கார் ஏசிக்கு நீங்களே கேஸ் ஏற்றப் போகிறீர்களா? கேனைத் திறக்கும் முன்

அமெரிக்காவில் டல்லாஸ் வந்த முதல் கோடையிலேயே இதில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். செகண்ட் ஹேண்ட் கார், ஜூலை மாதம், வெளியே நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். ஏசியைப் போட்டால் அனல் அடித்தது. ஊரில் என்றால் மெக்கானிக்கிடம் விட்டு "அண்ணே, கேஸ் பாருங்க" என்றால் முடிந்தது. இங்கே கேஸ் கேன் கடை அலமாரியிலேயே கிடைக்கிறது, மீட்டரும் குழாயும் சேர்த்து. முள் பச்சைக்கு வரும்வரை ஏற்று என்று போட்டிருந்தது. ஏற்றினேன். அன்றைக்குக் குளிர்ந்தது. மறுநாள் மதியம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மறுபடி அனல்.

நடந்தது இதுதான்: கேஸ் அதிகமாகி, பிரஷர் ஏறி, கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) தானே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பச்சைக் கட்டத்தை நம்பாதீர்கள். அது காட்டுவது பிரஷரை, உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை அல்ல. வெயிலுக்கும் எஞ்சின் வேகத்துக்கும் தகுந்தபடி முள் ஆடும்.

சரி, என்ன செய்யலாம்? பானட்டைத் திறந்து (இங்கே ஹூட் என்று கேட்டால்தான் புரியும்) ஏசி ஸ்டிக்கரைத் தேடுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். என் வண்டிக்கு மொத்தமே அரைக் கிலோவுக்குள்தான். சாதாரண ஆர்-134ஏ (R-134a, பழைய கார்களின் ஏசி கேஸ்) கேன் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். முழு கேனையும் ஏற்றியவன் என்ன ஆவான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது சமையலறைத் தராசில் கேனை எடை போடாமல் தொடங்குவதே இல்லை. கொஞ்சம் ஏற்று, மறுபடி எடை போடு. ஐம்பது, நூறு கிராமிலேயே வித்தியாசம் தெரியும். ஏசி காற்று வரும் இடத்தில் சமையல் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். நன்றாகக் குளிர்ந்துவிட்டால் அத்தோடு நிறுத்துங்கள்.

அதற்கும் முன்னால் கேபின் ஃபில்டரை (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) பாருங்கள், ரேடியேட்டர் பக்கத்து ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பல பேருக்குக் குறை அங்கேதான் இருக்கிறது.

வண்டி ராத்திரி முழுக்க ஆறியபின், எஞ்சினைப் போடாமல் மீட்டரை மாட்டுங்கள். 80 டிகிரி ஃபாரன்ஹீட் காலையில் 85-க்குச் சற்று மேல் பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) இருந்தால் உள்ளே கொஞ்சமாவது கேஸ் இருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் பெரிய ஓட்டை. காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும். ஒழுக்கைச் சரிசெய்து, வாக்குவம் இழுத்து, அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். அது கடை வேலை. ஒழுக்கை அடைக்கும் மருந்து கலந்த கேன் என்று ஒன்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். அதைப் போட்ட வண்டியைத் தொடவே மாட்டோம் என்கிறார்கள் மெக்கானிக்குகள், அவர்கள் மெஷினையே அது கெடுத்துவிடும் என்று.

ஏற்றுவது திறந்த வெளியில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. இந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, தோலில் பட்டால் தோலே உறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது குனிவீர்கள். துப்பட்டா, தாலிக்கொடி, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. குழாய் மாட்ட வேண்டியது பருத்த பைப்பில், மூடியில் எல் (L) என்று போட்டிருக்கும் வாயில், மூடியைக் கழற்றிவிட்டு. எச் (H) மூடி போட்ட வாயில் மாட்டினால் கேனே வெடிக்கலாம். குழாயின் வாய் எல் பக்கம் மட்டும்தான் பொருந்தும், பொருந்தாததை வலுக்கட்டாயமாகத் திணிக்காதீர்கள். ஏசி ஃபுல், ஃபேன் ஃபுல், கேன் நிமிர்ந்தபடி. கவிழ்த்தால் திரவம் உள்ளே போய் கம்ப்ரஸரைக் கெடுக்கும்.

ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் என்றால் இந்தக் கேன் பக்கமே போகாதீர்கள். அவற்றின் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது, மின்சாரம் கடத்தாத தனி ஆயில் வேண்டும். கேனோடு வரும் சாதா ஆயில் கலந்தால் செலவு ஆயிரங்களில். ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தாலும் கடைதான். இங்கே இப்போது வரும் புதிய கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ கிடையாது, இந்த கேஸ்தான். புதிய கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, விலையும் அதிகம்.

கேஸ் கூடிப்போனால் வால்வை அழுத்திக் காற்றில் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தெரிந்தே வெளியே விடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். கடையில் மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். நான் அப்படித்தான் போய் நின்றேன், கேன் விலையைப் போல நாலு மடங்கு ஆனது.

மிச்சமிருக்கும் கேனை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். 120 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் வெடிக்கலாம், டெக்சஸ் வெயிலில் நிற்கும் காருக்குள் அது சாதாரணம்.