கவரைப் பிரிக்காமலே ஃபைலில் கோத்து வைத்திருந்தார்கள்: உங்கள் பென்ஷன் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஹவில்தார் மகள்

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த அப்பா போன பிறகு அம்மாவின் குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம். படையிலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் ராஜம்மா, ஆதாரில் ராஜம்மாள். இந்த ஒரு எழுத்துப் பிரச்சினை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் கேட்டார்கள், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து அதே பத்திரத்தைக் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. திரும்ப அனுப்பினேன். மூன்றாவது கடிதமும் வந்ததும் நேரிலேயே கிளம்பிப் போய்விட்டேன்.

அரை நாள் காக்க வைத்துவிட்டு ஃபைலை எடுத்து வந்தார்கள். கொண்டு வந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டும்போது நான் முதல் தடவை அனுப்பிய கவர் கண்ணில் பட்டது. என் கையெழுத்தில் முகவரி, மேலே அஞ்சல் முத்திரை. ஒட்டிய வாய் ஒட்டியபடியே இருந்தது, பிரிக்கவே இல்லை. பஞ்சிங் மிஷினில் கவரோடு சேர்த்து ஓட்டை போட்டு டேக்கில் கோத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த பத்திரத்தில் அம்மா வைத்த கைநாட்டுக்கு நடுவிலேயே ஒரு ஓட்டை.

இதைக் கோத்தது யார் என்று கேட்டேன். “அப்போது இருந்தவர் மாறிப் போய்விட்டார்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அந்தப் பதினான்கு மாதமும் தம்பி கையை எதிர்பார்த்து இருந்தார்.

கன்னர் 84

தங்கச்சி, உங்களுக்காவது ஃபைலைக் கண்ணில் காட்டினார்கள்.

நான் பீரங்கிப் படையில் 17 வருடம். இரண்டு காதும் மந்தமாகித்தான் 2001-இல் வெளியே வந்தேன். வெளியே அனுப்பும் முன் உடம்பைச் சோதிக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் எனக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசிப் பார்த்தார். எதிரில் இருந்தவர் முகம் மாறியதை வைத்துத்தான் பின்னால் யாரோ பேசுகிறார் என்றே எனக்குத் தெரிந்தது. ராணுவப் பணியால் மோசமானது, ஊனம் 30 சதவீதம் என்று எழுதினார்கள்.

ஊனப் பென்ஷனுக்காக அந்தத் தாள் பென்ஷன் பிரிவுக்குப் போனது. பணிக்குச் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னைப் பார்த்த மூன்று பேர் எழுதியதை, என்னைப் பார்க்காத ஒருவர் அடித்துவிட்டார். மறுபடி ஒரு மெடிக்கல் போர்டு கூட்டிப் பார்க்காமல் போர்டின் முடிவைப் பென்ஷன் அலுவலகம் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. அப்பீல் போட்டேன், அதுவும் தள்ளுபடி. சரி, விதி என்று இருந்துவிட்டேன்.

ஒரு நண்பர் விடாமல் சொல்லி 2014-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வைத்தார். 2016-இல் ஜெயித்தேன். 30 சதவீதத்தை 50 ஆக்கியும் கொடுத்தார்கள். ஆனால் அரியர், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான். 2001-லிருந்து 2011 வரைக்குமான பத்து வருடப் பணம் போனது போனதுதான். அடித்து எழுதியவருக்கு ஒரு மெமோ கூடப் போயிருக்காது. என் பிள்ளை படிப்பு அந்தப் பத்து வருடத்தில்தான் நின்றது.

பழைய யூடிசி

நான் படைவீரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபீஸில் 29 வருடம் கிளார்க்காக இருந்தவன், யூடிசி என்றால் அப்பர் டிவிஷன் கிளார்க். எல்லாப் பழியையும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் மேலேயே போடுவதை ஏற்க முடியவில்லை. கல்யாணம், குழந்தை பிறப்பு எதையும், யூனிட் இதையெல்லாம் பதிவு செய்து வெளியிடுகிற பார்ட் டூ ஆர்டரில் வெளியிடாமலே ரிட்டயர் ஆகி வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? யூனிட் அனுப்பாத தாளை நாங்கள் எங்கே போய்த் தேடுவது? ஒரு சீட்டில் மூன்று சீட் வேலை. கன்னர் அண்ணன் சொல்வதிலும், அந்த ஒரு வரிப் பதிலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் அதிகாரி. கிளார்க் இல்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு அம்மாவின் கிளெய்மில் மூன்று குறை இருந்தது. முதலில் ஒன்றை எழுதித் திருப்பி அனுப்பினேன். அது சரியாகி வந்ததும் அடுத்தது. பிறகு மூன்றாவது. ஒரே கடிதத்தில் மூன்றையும் எழுதியிருக்கலாம். திருப்பி அனுப்பிவிட்டால் அந்த மாதக் கணக்கில் ஃபைல் முடிந்ததாக வரும், அதனால் எங்கள் செக்‌ஷனில் எல்லோருமே அப்படித்தான் செய்தோம். மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதில் வேறு ஒருவர் கையெழுத்தில் இருந்தது. மகன் எழுதியிருந்தார். கேட்ட சான்றிதழும் இருந்தது, கூடவே அம்மாவின் இறப்புச் சான்றிதழும். இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி அனுப்பியிருந்தார். அந்தக் குண்டூசியைக் கழற்றி எடுத்தது நான்தான்.

சுபேதார் ரிட்டயர்டு

யூடிசி சார், நீங்கள் மனசு விட்டுச் சொன்னதற்கு மரியாதை உண்டு. ஆனால் யூனிட் மேல் பழி போடுவது சரியில்லை. பார்ட் டூ ஆர்டர் இல்லையென்றால் முதல் கடிதத்திலேயே இல்லை என்று எழுத என்ன தடை? அதிகாரி கையெழுத்து என்றாலும் கீழே இருந்து நோட் போட்டுக் கொடுத்தது யார்?

என் மாமனாருக்கு ஒரு டிசம்பரில் பென்ஷன் நின்றுபோனது. நவம்பரில் கொடுத்த வாழ்நாள் சான்றிதழ் கணக்கில் ஏறவில்லையாம். 83 வயது மனிதர், கவுன்ட்டரில் நின்று “நான்தானே வந்திருக்கிறேன், பாருங்கள்” என்றார். அவ்வளவுதான் என் கதை.

இப்போது எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் சான்றிதழ் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், நவம்பர் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். பிபிஓ என்கிற பென்ஷன் ஆணை, டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு தாள் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, மனைவிக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். நிறைய பேர் பீரோ சாவி எங்கே என்றுகூடச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். மனைவி பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்.

கிளெய்ம் நிராகரித்தால் உடனே அப்பீல் எழுதாதீர்கள். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஒரு மனு போடுங்கள். “ஏன் மறுத்தீர்கள்” என்று கேட்டால் விளக்கம் தர வேண்டியதில்லை என்று தட்டிவிடுவார்கள். ஃபைல் நோட்டிங், அதாவது ஃபைலில் அவர்கள் எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும், ஃபைல் எந்தத் தேதியில் யார் மேஜையில் இருந்தது, அவர் பெயர், பதவி என்ன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் அப்பீல், அதற்கு மேல் தகவல் ஆணையம். ஆணையம் நினைத்தால் அந்தத் தகவல் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் நான்காவது பிரிவில் இருக்கிறது, மனுவில் அதையும் எழுதுங்கள். கன்னர் தம்பி 2005-லேயே இதைச் செய்திருந்தால் அந்த வருடங்கள் கைவிட்டுப் போயிருக்காது.

கன்னர் 84

அண்ணே, 2005-இல் நான் ஒரு வங்கி ஏடிஎம் வாசலில் இரவுக் காவலில் இருந்தேன். அந்தச் சட்டம் வந்ததே எனக்குத் தெரியாது. காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. கேட்காமல் விட்டது என் தப்பு என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

தம்பிக்கு கார்டியன்

எங்கள் தம்பிக்குப் பிறவியிலிருந்தே மனவளர்ச்சிக் குறைபாடு. அப்பா அம்மா இருவருக்கும் பிறகு குடும்பப் பென்ஷன் அவனுக்கு வர வேண்டும், வாழ்நாள் முழுக்க. நிரந்தரக் குறைபாடு என்று மருத்துவச் சான்றிதழ் ஒரு தடவை கொடுத்தால் போதும். நான் மூன்று தடவை கொடுத்துவிட்டேன். கடைசியாகப் போனபோது அவனையும் கூட்டிப் போனேன். அந்த அதிகாரி சான்றிதழைப் படித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் சரியாகவில்லையா?” என்று கேட்டார். தம்பிக்கு யூனிஃபார்ம் என்றால் அப்பா ஞாபகம். வாசலில் நின்ற காவலருக்கு சல்யூட் வைத்தான், அவரும் திருப்பி வைத்தார். அந்தக் கட்டடத்தில் அவனை மனிதனாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

ஹவில்தார் மகள்

யூடிசி சார், உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த மகனுக்கு இவர் ஏதாவது எழுதினாரா?” என்று கேட்டார். எழுதினீர்களா?

சுபேதார் சொன்னபடி மனு எழுதிவிட்டேன். மூன்றே கேள்வி. கவர் வந்த தேதி, ஃபைலில் கோத்த தேதி, அந்த நாளில் அந்த சீட்டில் இருந்தவரின் பெயரும் பதவியும். நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.