இப்ப உங்க வீட்ல எந்த ஆல்பம் ஓடுது?

ஒரு வாரமா இளையராஜா சாரோட 'ஹவ் டு நேம் இட்' தான், 1986ல வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) அவருக்கும் காணிக்கையா பண்ணது, வி.எஸ்.நரசிம்மன் வயலின் ஆரம்பிச்சா கைவேலை அப்படியே நின்னுடுது. நீங்க என்ன கேக்கறீங்க?

பதில் 1: ராஜா சாரோட 'நத்திங் பட் விண்ட்' கேளுங்க. ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். ராத்திரி லைட்ட அணைச்சிட்டு ஹெட்ஃபோன்ல கேக்கணும்.

பதில் 2: நீங்க சொன்ன ஆல்பம் அப்பாகிட்ட கேசட்டா இருந்துச்சு, டேப் சிக்கினா பென்சில விட்டு சுத்தி சுத்தியே ஓட்டினோம், இன்னிக்கு போன்ல கேட்டாலும் அந்த சிக்கின எடம் வந்தா மனசு ஒரு செகண்ட் நிக்குது.

பதில் 3: எனக்கு 2005ல வந்த ராஜா சாரோட திருவாசகம். புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவோட மாணிக்கவாசகர் வரிகள். 'பொல்லா வினையேன்' கேட்டா கண்ணு கலங்காம இருந்ததில்ல.

கேள்வி கேட்டவர்: ரெண்டையும் இன்னிக்கே கேக்கறேன், நன்றிங்க.