பைக் ஜாக்கெட்: தோலா, துணியா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ராணிப்பேட்டையிலிருந்து சென்னைக்கு வாரம் இரண்டு தடவை பைக்கில் போய் வருகிறேன். போன மாதம் ரோட்டோர மணலில் சறுக்கி விழுந்தேன். காட்டன் சட்டை நொடியில் கிழிந்து, முழங்கை தோல் உரிந்துவிட்டது. மருந்து போடும்போது அம்மா அழுததைப் பார்த்தபிறகு, ஜாக்கெட் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மனசு தோல் பக்கம்தான் போகிறது. எங்க ஊரே தோல் ஊர். தோல் ஷாப்பில் 20 வருஷம் வேலை பார்த்த மாமா, "1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோல் எடு, தார் ரோட்டில் தேய்ந்தாலும் தாங்கும்" என்கிறார். ஆனால் இங்கே மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். சிக்னலில் நின்றால் வெந்துபோவேனே! ஐப்பசி மழையில் நனைந்தால் காயவே நாளாகும், பூஞ்சையும் பிடிக்கும்.

துணி ஜாக்கெட்டில் மெஷ் (வலைத்துணி) போட்டது நல்ல காற்றோட்டம். கடையில் காட்டியதில் ஈ.என். 17092 என்ற, பைக் உடைகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தர லேபிள் இருந்தது, ஆனால் ‘ஏ’ வகுப்பு. ‘ஏஏ’, ‘ஏஏஏ’ இரண்டும் அதைவிட உறுதியானவை. நெடுஞ்சாலை வேகத்துக்கு ‘ஏ’ போதுமா?

மெஷ் ஜாக்கெட்டோடு கீழே விழுந்தவர்கள் யாராவது இருந்தால், தையல் பிரிந்ததா, முழங்கை பேட் இடம் மாறியதா என்று சொல்லுங்கள். எனக்கு அதுதான் முக்கியம். துளையிட்ட தோல் ஜாக்கெட்டை நம்ம வெயிலில் போட்டு ஓட்டுகிறவர்களும் எழுதுங்கள். பட்ஜெட் 12,000 ரூபாய் வரை.