செந்தில் வீட்டுக்கு என்ன கொடுப்பது?

சித்தி: செந்தில் புது வீட்டுக்குத் தை முடிவதற்குள் பால் காய்ச்சுகிறார்கள். எல்லாரும் சேர்ந்து என்ன கொடுக்கலாம்? குத்துவிளக்கு வேண்டாம், மூன்று வந்துவிட்டதாம்.

சித்தப்பா: ரைஸ் குக்கர்

கவிதா: ஓவியம் கொடுக்கலாமே சித்தி. இந்த வாரம் மரினா பே சேண்ட்ஸில் ஆர்ட் எஸ்ஜி, சிங்கப்பூரின் பெரிய கலைச் சந்தை. 2023இல் தொடங்கியதிலிருந்து ஜனவரிதோறும் நடக்கிறது. பெரிய கேலரிகளைப் பார்த்து மலைத்து நின்றுவிடாமல் நேரே ஃபியூச்சர்ஸ் பகுதிக்குப் போவோம், அது இளம் கேலரிகளுக்கென்றே ஒதுக்கியது, புதியவர்கள் அங்கேதான் கண்ணில் படுவார்கள். ஒரு படம் பிடித்திருந்தால் அந்த ஓவியர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று கேட்க வேண்டும், ஐபேடில் காட்டுவார்கள். ஒரு படம் யாருக்கும் அமைந்துவிடும், பத்துப் படத்திலும் தன் வழியை விடாத பிடிவாதம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா: போன தடவை கயிற்றுக் குவியல் முன்னால் அரை மணி நேரம் நிற்க வைத்தாய்

கவிதா: அது மீன்வலை சித்தப்பா! பழைய வலை, ஒவ்வொரு முடிச்சிலும் சிவப்பு நூல் சுற்றியிருந்தார்கள். கிட்டே போனால்தான் தெரியும், நீங்கள் போகவில்லை.

அத்தை: விலை?

கவிதா: அச்சுப் படமாகக் கேட்போம் அத்தை. ஓரத்தில் பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தால், மொத்தம் இருபது பிரதி, இது மூன்றாவது. அதே ஓவியரின் கேன்வாஸைவிட விலை குறைவாக இருக்கும். சொல்லும் விலையில் 9% ஜிஎஸ்டியும் ஃபிரேமும் சேர்த்தியா என்றும் கேட்டுவிட வேண்டும்.

பெரியப்பா: பின்னால் விலை ஏறுமா

கவிதா: ஏறும் என்று சொல்லி விற்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள் பெரியப்பா. தினமும் பார்க்கப் போவது செந்தில் அண்ணன்தான்.

பெரியப்பா: கலைஞர்களில் நம்மவர்கள் யாரும் இல்லையா

கவிதா: ஏன் இல்லை? தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே பெரிய சிவப்பு மிளகாய் இருக்கிறதே, குமாரி நாகப்பன் செய்தது.

சித்தி: அட! அங்கே போட்டோ எடுத்தோமே

அத்தை: பணம் யார் வசூலிக்கிறது? கவிதா அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு நான் போட்ட பணம் இன்னும் வரவில்லை.

சித்தப்பா: பேநவில் பணம் அனுப்பினேனே அக்கா

அத்தை: பாதி.

சித்தி: இங்கே வேண்டாமே இருவரும்

கவிதா: ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி: கவிதா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 😄 ஹாலில் ஒரு சுவர் காலி. மீன்வலை வேண்டாம்.

சித்தப்பா: 👍👍

கவிதா: சரி, நீங்களே வந்து பாருங்கள் அண்ணி. சனிக்கிழமை 11 மணி, பேஃப்ரண்ட் எம்ஆர்டி. வேறு யார் வருகிறீர்கள்?

அத்தை: ஞாயிறு என்றால் வருவேன்

பெரியப்பா: தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்கள் பெயர் கேட்டிருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை.