கீழே ஒரு பசை, மேலே ஒரு பசை: வாசிகசாலைக்குக் காப்பெற் ஒட்டுவதா, இழுத்துப் பூட்டுவதா?

வாசிகசாலைத் தம்பி:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒரு காப்பெற் உருளும், அதற்குக் கீழே போட மெத்தென்ற அண்டர்லேயும் அனுப்பியிருக்கிறார்கள். மண்டபம் 30 அடி நீளம், 20 அடி அகலம். தகரக் கூரை, பிள்ளைகள் உரத்து வாசித்தால் எதிரொலியில் ஒரு சொல்லும் விளங்காது, அதனால்தான் காப்பெற். ஒரு பக்கம் கணினி மேசைகளும் சில்லுக் கதிரைகளும் இருக்கின்றன. அண்டர்லேயை நிலத்தில் ஒட்டி அதன்மேல் காப்பெற்றையும் ஒட்டு என்கிறார் ஒருவர். ஒட்டவே வேண்டாம், சுவரோரம் ஆணிப் பட்டி (ஆணிமுனை மேலே நீட்டின ஒடுங்கின பலகை) அடித்து அதில் இழுத்துப் பூட்டு என்கிறார் இன்னொருவர். உருள் 12 அடி அகலம், ஆகவே எப்படிப் போட்டாலும் ஒரு பொருத்தாவது வரும். எது சரி?

ஓமந்தை மேசன்:
ஒட்டாதே தம்பி. நான் நிலம் போடுகிறவன், இங்கே எத்தனையோ கட்டடங்களில் சீமெந்துக்குக் கீழே பொலித்தீன் விரிப்பதில்லை, எனக்கு நேரே தெரியும். மாரி தொடங்கிக் குளமும் வாய்க்காலும் நிரம்பினால் ஈரம் கீழேயிருந்து ஏறும். வெறும் நிலம் என்றால் அது காற்றில் போய்விடும். நீ மேலே இரண்டு பூச்சுப் பசையும் ரப்பரும் போட்டு மூடினால் எங்கே போகும்? இழுத்துப் பூட்டினால் ஒரு மூலையைக் கிளப்பிப் பார்க்கவாவது முடியும்.

மல்லாவி ரீச்சர்:
மேசன் அண்ணை சொல்வது எனக்கு நடந்தது. எங்கள் முன்பள்ளிக்கு ஒருவர் வந்து இதே மாதிரி இரண்டு பசையில் ஒட்டித் தந்தார், நான் அவரைக் குறை சொல்லிப் பெயர் போட வரவில்லை. முதல் மாரியிலேயே நடுவில் கொப்புளம் மாதிரி எழும்பியது, பொருத்தும் வாய் திறந்தது. அந்த இடத்தில் கைவிட்டுக் கிளப்பினேன். அண்டர்லே இரண்டாகக் கிழிந்து பாதி காப்பெற்றோடு வந்தது, பாதி நிலத்தோடு நின்றது. ஜன்னல் பக்கம் அப்படியும் இல்லை, பசையே வெள்ளையாகச் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. காசு போனதைவிட, பிள்ளைகள் அதற்கு மேல் உருண்டு விளையாடின சந்தோசம் போனதுதான் எனக்குக் கவலை.

கட்டார் ஒட்டுவேலை:
ரீச்சர், உங்கள் நிலத்தில் இரண்டு வேறு வேறு பிழை நடந்திருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. பசை வழுக்கினது ஈரம். சீமெந்தில் ஏறுகிற தண்ணீர் காரத்தையும் கொண்டு வரும், அது பசையைத் தின்றுவிடும், அதில் மேசன் அண்ணையோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் அண்டர்லே இரண்டாகக் கிழிந்தது ஈரத்தால் இல்லை, பசை இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்ததால். பிடித்த பசைக்கு நடுவில் இருந்த ஸ்பொஞ்சுக்குப் பலம் இல்லை. இந்த முறைக்கு வீட்டு அறையில் போடுகிற மெத்தென்ற சாமான் ஆகாது, பெருவிரலால் அமர்த்தினால் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும், அடர்த்தியான ரப்பர் என்றால் நல்லது. தம்பி, நீங்கள் மெத்தென்றது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பயமே அதில்தான்.

நான் கட்டாரில் ஏழு வருசம் ஹோட்டல் நடைபாதைகளில் இதைத்தான் செய்தேன். நிலத்துக்கும் அண்டர்லேக்கும் நடுவில் பிறகு உரிக்கக்கூடிய பசை, சின்னப் பல் வைத்த பசை பூசுகிற கரண்டியால். அண்டர்லேத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு முட்ட வைக்க வேணும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. அது பிடித்த பிறகு மேலே நிரந்தரப் பசை, இந்த முறை பெரிய பல், ஏனென்றால் காப்பெற்றின் முதுகு சொரசொரப்பு, அந்தப் பள்ளம் எல்லாம் நிரம்ப வேணும். காப்பெற்றின் பொருத்து அண்டர்லேயின் பொருத்துக்கு நேர்மேலே வரவே கூடாது, அரை அடியாவது தள்ளிப் போக வேண்டும். வெட்டின விளிம்புக்குத் தனிப் பசை பூசாமல் பொருத்தினால் நூல் கழன்று வரும், ரீச்சரின் பொருத்து வாய் திறந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கடைசியாக 35 கிலோவைத் தாண்டாத உருளையால் இரண்டு திசையிலும் உருட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாள் யாரும் மிதிக்காமல், இரண்டு நாள் சில்லுக் கதிரை ஏறாமல்.

ஓமந்தை மேசன்:
ஹோட்டல் மாடி நடைபாதை வேறு, வன்னி மண்ணில் இருக்கிற நிலம் வேறு. அங்கே கீழே இன்னொரு தளம், இங்கே கீழே களிமண். அதோடு எங்கள் நிலம் சிவப்புப் பவுடர் போட்டு மினுக்கி, மெழுகு தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் எந்தப் பசை பிடிக்கும்?

கட்டார் ஒட்டுவேலை:
மெழுகைச் சுரண்டி, மேற்பரப்பை உராய்ஞ்சு, தூசியை எடுத்துப்போட்டுத்தான் ஒட்ட வேண்டும், மினுக்கத்தில் நேரே ஒட்டுகிறவன் வேலை தெரியாதவன். சரி, நீங்கள் சொல்கிற ஆணிப் பட்டிக்கு வருவோம். அது பலகை. வன்னியில் சுவரோரம் பலகையை அடித்து மேலே துணியால் மூடினால் முதலில் யார் வருவது? கறையான். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் காப்பெற் சுவரை விட்டுக் கழன்று வரும்போது பார்த்தால் உள்ளே வெறும் மண்தான் இருக்கும். இன்னொன்று, 30 அடி நீளத்தை முழங்கால் உதைக் கருவியால் மட்டும் இறுக்க முடியாது, எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து நெம்புகிற நீளக் கருவி வேண்டும். இறுக்கம் குறைந்த காப்பெற்றில் சில்லுக் கதிரை ஓடினால் அலை அலையாக மடிப்பு எழும்பும், வயதானவர் கால் தடக்கி விழுவார்.

ஓமந்தை மேசன்:
கறையானுக்கு மருந்து அடிக்கலாம். ஆனாலும் அந்த நியாயத்தை நான் தள்ளவில்லை, ஒரு வீட்டில் கதவு நிலையே போனதைக் கண்டவன் நான். கணினிப் பக்கத்துக்கு ஒட்டுவதுதான் சரியென்றும் வைத்துக்கொள்வோம். என் கேள்வி ஈரம். நிலம் காய்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வாய்?

கட்டார் ஒட்டுவேலை:
18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுப் பார்ப்பது. அடியில் வியர்த்திருந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ ஒட்டக்கூடாது. இங்கிலாந்து வேலைக்காரர் நிலத்தில் கவிழ்த்து மூடின பெட்டிக்குள் ஈரமானி வைத்து, உள்ளே காற்றின் ஈரம் 75 வீதத்துக்கு மேலே போனால் தொட மாட்டார்கள், அது இன்னும் நம்பகமானது. புதுச் சீமெந்து என்றால் முதல் 50 மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு நாள் கணக்கு, அதற்கு மேலே தடிப்பு கூடக் கூட இன்னும் மெதுவாகத்தான் காயும்.

ஓமந்தை மேசன்:
ஆடி வெயிலில் பொலித்தீன் ஒட்டிப் பார்த்துவிட்டு நிலம் காய்ந்தது என்றால் நான் நம்ப மாட்டேன். சோதனை மார்கழியில் செய்ய வேண்டும், ஒட்டுவது வேண்டுமானால் சித்திரையில். கோடைக்கும் மாரிக்கும் ஒரே நிலம் இரண்டு நிலம்.

கட்டார் ஒட்டுவேலை:
இதை நான் மனதார ஒத்துக்கொள்கிறேன் அண்ணை. பாலைவனத்தில் வேலை செய்தவனுக்கு இந்த யோசனை வராது. ஆனால் சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும், ஒரேயடியாக முழு நிலத்துக்கும் பூசாமல் பாதி பாதியாகப் பூச வேண்டும்.

வாசிகசாலைத் தம்பி:
இப்போது மார்கழிதானே, நேற்றுப் பின்னேரம் நாலு இடத்தில் பொலித்தீன் ஒட்டிவிட்டு இன்று மத்தியானம் உரித்தேன். வாசல் பக்கமும் நடுவிலும் கணினி மேசைக்குக் கீழேயும் காய்ந்திருக்கிறது. வடக்குச் சுவரோரத்துத் துண்டில் மட்டும் உள்ளே துளி துளியாகத் தண்ணீர், நிலம் தேயிலைச் சாயம் ஊற்றின மாதிரி கறுத்திருந்தது. அண்டர்லேயையும் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தேன், முழுக்க இறங்குகிறது.

ஓமந்தை மேசன்:
அந்தச் சுவருக்கு மேலே கூரைக்குப் பீலி இருக்கா?

வாசிகசாலைத் தம்பி:
இல்லை அண்ணை. தண்ணீர் நேரே சுவரடியில்தான் விழுகிறது, அங்கே ஒரு சாண் ஆழத்துக்குக் கிடங்கே விழுந்திருக்கிறது.

ஓமந்தை மேசன்:
அப்ப முதலில் பீலியைப் போடு, கிடங்கை மூடி வெளியே சாய்வாகச் சீமெந்து பூசு. தை முடிகிறதுக்குள்ளே, மழை விடுகிறதுக்கு முதல் அதே இடத்தில் திரும்பப் பொலித்தீன் ஒட்டிப் பார். காய்ந்திருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். இல்லையென்றால் ஈரம் கீழேயிருந்துதான் வருகிறது, அந்தச் சுவரோரம் மூன்றடிக்குக் காப்பெற் ஒட்டாமல் பாய் விரி.

கட்டார் ஒட்டுவேலை:
அந்த மெத்தென்ற அண்டர்லேயைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள் தம்பி, ஆசையோடு அனுப்பினவர்களிடம் காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். அடர்த்தியான ரப்பர் கிடைக்காவிட்டால் கணினிப் பக்கம் காப்பெற்றை நேரே நிலத்தில் ஒட்டுங்கள். பொலித்தீனை உரிக்கும்போது எடுத்த படம் இருந்தால் அதையும் போடுங்கள்.