டெயில் (ஷீட்டின் பின் விளிம்பு) மூலைகளில் மட்டும் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகல்

நான்கு கலர் ஷீட்ஃபெட் (தாள்தாளாக அச்சிடும்) ஆஃப்செட், 90 ஜிஎஸ்எம் (ச.மீ.க்கு 90 கிராம்) ஆர்ட் பேப்பர், 20×30 இஞ்ச். புது லாட் பேப்பர் ஏற்றியதிலிருந்து இந்தத் தொல்லை. கிரிப்பர் (மிஷின் ஷீட்டைப் பிடித்து இழுக்கும் முன் விளிம்பு) பக்கம் கச்சிதம். டெயிலின் இரு மூலைகளிலும் முதல் யூனிட் (ஒரு நிறத்தை அச்சிடும் பகுதி) கருப்பு, கடைசி மஞ்சளைவிட 0.1 மி.மீ. வெளியே நிற்கிறது, மெல்லிய வெள்ளை எழுத்தெல்லாம் அடைபடுகிறது. ஷீட்டுக்கு ஷீட் அளவு மாறவில்லை, அதனால் கிரிப்பர் வழுக்கல் இல்லை.

ஃபவுண்டன் தண்ணீரை (பிளேட்டை நனைப்பது) ஸ்கம் (வெற்றிடத்தில் மை படிவது) தட்டும் எல்லைவரை குறைத்தாயிற்று. பிளாங்கெட் (மையை ஷீட்டுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) இறுக்கி, அதன் அடியில் வைக்கும் பேக்கிங் அளந்தாயிற்று. பேப்பர் கட்டைப் பிரிக்காமல் ஒரு நாள் மிஷின் ரூமில் வைத்தும் (ஈரப்பதம் 55%) அப்படியே. துண்டை நனைத்துச் சுருளவிட்டுப் பார்த்ததில் கிரெயின் (பேப்பரின் நார் ஓடும் திசை) சிலிண்டரின் நீளவாக்குக்கு இணையாகத்தான் இருக்கிறது.

இனி முதல் யூனிட் இம்ப்ரஷனை (அச்சு அழுத்தத்தை) குறைப்பதா, அடுத்த யூனிட்டுகளின் பிளேட் டெயிலை வெளியே இழுத்து ஈடுகட்டுவதா?